சாப்பிட்டபின் ஒரு மாத்திரை

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த நாகையாவுக்கு ரயில்வேயில் கார்டு உத்தியோகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொடுத்த கோட்டில் தொந்தி இடித்துக் கடைசிப் பித்தான்தான் மாட்டவில்லை. திங்கட்கிழமை ரயில்வே துரை முன்னால் மாட்டிக் காட்டாவிட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

குனிந்து நிமிர்ந்து பிழைத்தவனுக்குத் தொந்தி ஏது? நாகையாவோ உடம்பு இளைக்கச் சீமை மாத்திரை வாங்கினார். சாப்பிட்டபின் ஒன்று போட வேண்டுமாம். சீக்கிரம் இளைக்கவேண்டி நாளுக்கு ஆறு போட்டார்; அதற்காகவே ஆறு வேளை சாப்பிட்டார்.

"மறுபடியும் சோறாங்க?" என்றாள் மனைவி இராஜம்மா.

"பசிக்கா திங்கிறேன்? மருந்துக்காகத்தான்டி! இன்னும் ரெண்டு அகப்பை போடு."

திங்கட்கிழமை ஒரு பித்தானும் மாட்டவில்லை. கோட்டு ஒல்லி முத்துக்குமாருவுக்குப் போனது.

நாகையா வீட்டுக்கு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். "மாத்திரை பத்தலடி. நாளையிலேருந்து எட்டு!"