அழுகல் பழத்தில் ஓடிய எஞ்சின்

பெருமாள்மலை லாரி மெக்கானிக் ஞானவேலுக்குப் பகலிலேயே கனவு வரும். மூடுபனிக்குள் லாரிகள் மலையேறும்; பெட்ரோல் புகைக்குப் பதிலாகப் பழ வாசனை பின்னால் மிதந்து வரும். மனைவி சிவபாக்கியம் வந்து உலுக்கினால்தான் கையிலிருக்கும் ஸ்பானர் அவருக்கு நினைவு வரும்.

எல்லாம் வாழையால் வந்தது. லாரியில் பழம் ஏற்றும் இடத்தில் அழுகியதும் நசுங்கியதுமாக மலைப்பழம் குவிந்து கிடக்கும். அதைப் பானையில் புளிக்கவைத்துக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, இறங்கியதை மறுபடி காய்ச்சினார். அதிலும் மிஞ்சிய தண்ணீரைச் சுட்ட சுண்ணாம்பு குடித்தது. முதல் இரண்டு வருடம், வந்ததைத் திரியில் ஊற்றினால் திரிதான் அணைந்தது. 1958 தை மாதம் ஒரு பாட்டில் தேறியது. ஒரே ஒரு பாட்டில்.

அது மதுவிலக்குக் காலம். ஏட்டு வேலுச்சாமி மோப்பம் பிடித்து வந்துவிட்டார்.

"குடிக்க இல்லீங்க ஏட்டய்யா. பம்பு எஞ்சின் ஓட்டத்தான்."

"வெள்ளிக்கெழம வாரேன். எஞ்சின் ஓடித் தண்ணி வந்தா நம்புறேன். வரலேன்னா இது சாராயம், நீ ஜெயிலுக்கு."

வெள்ளியன்று வெள்ளனே வந்து நின்றார் ஏட்டு. ஓடைக்கரையில் பழைய பம்பு எஞ்சின் சந்தனமும் மாலையுமாக இருந்தது. ஞானவேல் டாங்கியில் கொஞ்சம் ஊற்றி மூடிவிட்டு, திறந்த பாட்டிலை எஞ்சின்மேல் வைத்தார். பிறகு, புது வண்டிக்கெல்லாம் செய்கிற பழக்கத்தில், சூடத்தைக் கொளுத்தித் தட்டைச் சுற்றினார். மெக்கானிக்காவது, புத்தியாவது!

பாட்டில் வாயில் நீலமாக ஏதோ ஆடியது. காலை வெயிலில் சரியாகத் தெரியவில்லை. மாலை சுருண்டபோதுதான் தீ என்று புரிந்தது. சிவபாக்கியம் குச்சியால் பாட்டிலைத் தள்ளிவிட்டு, ஈரச்சாக்கை எஞ்சின்மேல் போர்த்தினாள். மூன்று வருட உழைப்பு ஈரப் புல்லில் எரிந்தது. ஞானவேல் அதையே சொக்கிப்போய்ப் பார்த்தார்.

"பாத்தியா, பொகையே இல்ல."

"ஏங்க, கனா காங்கிற நேரமா இது? டாங்கியில கொஞ்சம் கெடக்குல்ல, வெரசா இழுங்க!"

தீ அடங்கியதும் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் இருமிவிட்டு ஓடியது. குழாய் நடுங்கியது. எஞ்சின் விக்கியது, குழாய் வாயிலிருந்து ஒரு கை தண்ணீர் ஏட்டின் பூட்ஸிலும் மண்ணிலும் தெறித்தது. அதோடு டாங்கி காலியாகி எல்லாம் நின்றுபோனது.

ஏட்டு குனிந்து நனைந்த பூட்ஸைத் துடைத்தார்.

"பானைய ஒடைக்காமப் போக முடியாது, சட்டம். ஆனா கேசு எழுதல. சாராயம் எந்த ஊர்லய்யா தண்ணி எறைக்குது?"

பானைகள் உடைந்தன. இனிக் காய்ச்ச வழியில்லை என்று சிவபாக்கியம் அழுதாள். மண்ணில் விழுந்த அந்த ஈரத்தின் அருகே ஞானவேல் உட்கார்ந்தார். அது காயும்வரை எழுந்திருக்கவில்லை.