மணியின் ஈறு

அறுபதுகளில், மாட்டுங்காவில் நாங்கள் வளர்த்த நாய் மணி, ஒரு மத்தியானம் முகத்தைத் தடவிய என் கையைக் கடிக்க வந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. வெறி பிடித்துவிட்டதென்று பாத்ரூமுக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டேன். அது கதவடியிலேயே முனகியபடி படுத்துவிட்டது. இரண்டு மணி நேரம் மூச்சு முட்ட நின்றேன். கடைசியில் ஜன்னல் வழியே, மிருக ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த எதிர்வீட்டு ராகவனைக் கூப்பிட்டு, "நாய் வண்டிக்குச் சொல்லிடுங்கோ, பிடிச்சுண்டு போய்க் கொன்னுடட்டும்" என்றேன்.

திறந்திருந்த வாசல் வழியாக வந்தவர், மணியின் வாயைத் துணியால் கட்டி, உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"வெறியெல்லாம் இல்லை மாமி. ஈறு அழுகி சீழ் வெச்சிருக்கு, வலி தாங்கலை. தினம் பல் தேய்ச்சுவிட்டிருந்தா இப்படி ஆயிருக்காது."

நாலு வருஷம் சோறு போட்ட வாயை ஒருநாள்கூட நான் திறந்து பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று பற்களைப் பிடுங்கினார்கள். ஈறு ஆறியதும், விரலில் ஈரத்துணி சுற்றி மீதிப் பற்களைத் தேய்க்க உட்கார்ந்தேன். நாய் வண்டிக்குச் சொல்லச் சொன்ன என் மடியில் மணி தலையை வைத்துக்கொண்டது.