அக்காவின் தோட்டத்தில் நான் பறித்த கொழுந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது படித்தவர்கள் வேலை. நான் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு தடவை உட்கார்ந்து, இரண்டாம் தடவை உட்காராமல் கூடை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனவள். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூட மெதுவாகத்தான் சொல்வேன். சீனாவில் மூன்று வருடம் இருந்துவிட்டு மஸ்கெலியாவுக்குத் திரும்பிய பிறகு, பார்க்கிறவர்கள் எல்லாம் "அங்க பாம்பு திங்கிறாங்களாமே?" என்றுதான் கேட்டார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். எனக்குச் சொல்ல இருந்தது வேறு. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் இருபத்து நாலு வருடம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், கொழுந்து உருட்டும் அறையில் வேலை செய்தவர். உருட்டிய கொழுந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும்போது, முகர்ந்து பார்த்து "இப்ப எடுக்கலாம்" என்பார். அந்த மூக்கு தப்பாது என்று பெயர். சீனாவில் ஒரு மலைப்பக்கத்து ஊரில், பால் தேநீர்க் கடைகளுக்காக நம் நாட்டு மாதிரித் தேயிலை செய்யத் தொடங்கிய ஒரு தொழிற்சாலைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். மகள் ஹட்டனில் வேலைக்குச் சேர்ந்து என் தங்கச்சி வீட்டில் தங்கிக்கொண்டாள். நான் இவரோடு போனேன்.

எங்களுக்குக் கிடைத்தது ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு வீடு. முதல் மூன்று மாதம் இவர் இல்லாமல் நான் வாசல் தாண்டவில்லை. கருவாடு பொரித்தால் மணம் வெளியே போகுமோ என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொரிப்பேன். பிறகு இருமிக்கொண்டு நானே திறப்பேன். தேங்காய்ப்பால் டின்னில் கிடைத்தது. கறிவேப்பிலை மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. குளிர் நுவரெலியாவை விட மோசம். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் தாங்காமல், ஒரு நாள் இவருடைய காற்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். வேலை விட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா தொரசாணியம்மா, எந்தத் தோட்டம் ஒங்களுக்கு?"

"பேசாம உள்ள வாங்க. கதவத் தொறந்து வச்சிக்கிட்டு என்னா கிண்டல், குளுருது."

"இல்ல, சலாம் போடணுமான்னு கேட்டேன்."

அன்றிலிருந்து குளிர்காலம் முழுவதும் எனக்குக் காற்சட்டைதான்.

எதிர் வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். ஒரு நாள் நான் கருவாடு பொரிக்கும்போது கதவைத் தட்டினார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய்த் திறந்தேன். அவர் கையில் வெறும் தட்டு ஒன்று இருந்தது. அடுப்பைக் காட்டி, தட்டைக் காட்டினார். நாலு துண்டு வைத்தேன். வாசலிலேயே ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அன்றைக்கே மனதுக்குள் அவரை அக்கா என்று வைத்துக்கொண்டேன்.

இவர் என் போனில் ஒன்றைப் போட்டுத் தந்தார். அக்கா சீனத்தில் பேசினால் அது தமிழில் சொல்லும், வானொலியில் செய்தி வாசிக்கிறவர் குரலில். "வணக்கம். இன்று நீங்கள் மீன் சமைத்தீர்களா?" என்று அது கேட்டால், எழுந்து நின்று பதில் சொல்லத் தோன்றும். மத்தியானங்களில் அவர் வீட்டில் உட்கார்ந்திருப்போம். ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் இலையைப் போட்டு, சாயங்காலம் வரை அதற்கே சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றிக் குடிப்பார். பால் இல்லை, சீனி இல்லை. எனக்கு அது இலை ஊறிய தண்ணீர். நான் சாயத்தேநீர் ஊற்றிச் சீனி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, மரியாதையாகக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, பிறகு தண்ணீர் குடித்தார்.

அவருக்கு ஒரே மகள். வடக்கே தூரத்தில் இருந்தாள். மூன்று வருடமாகப் புதுவருடத்துக்கும் வரவில்லை, போன் எடுத்தாலும் பேசவில்லை. என்ன கோபம் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அக்காவுக்கு வீட்டுக்குப் பின்னால் மலையில் நாலு நிரை தேயிலை இருந்தது. அவர்களுக்கும் நம் கல்லறைத் திருநாள் போல ஒரு நாள் வசந்தத்தில் உண்டு. அதற்கு முன் முளைக்கிற முதல் கொழுந்தைப் பறித்து, கையால் வறுத்து, ஒரு சின்னப் பொட்டலம் மகளுக்கு அனுப்புவார். அது போய்ச் சேர்ந்ததும் மகளிடமிருந்து போனில் ஒரு சொல் வரும்: "வந்தது." வருடத்துக்கு அந்த ஒரு சொல்தான். மூன்று வருடத்து மூன்று சொல்லையும் எனக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அந்த வருடம் கொழுந்து வரும் நேரத்தில் அக்கா படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கை முழுக்கக் கட்டு. இரண்டு நாளில் மழை வரும் என்றார்கள். மழைக்குப் பிறகு பறித்தால் அது முதல் கொழுந்து இல்லை. அக்கா கேட்பதற்கு முன்பே, "நான் பறிக்கிறேன்" என்று போனிடம் சொன்னேன். அந்த ஊருக்குப் போன பிறகு எனக்குத் தெரிந்த வேலை ஒன்று வந்தது அன்றைக்குத்தான். இருபத்திரண்டு வருடம் மலையில் நின்ற கை.

காலையில் கூட்டிக்கொண்டு போனார். இடது கையால் ஒரு மொட்டை மட்டும் ஒடித்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு இன்னொன்று. எனக்கே பறிக்கச் சொல்லித் தருகிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்பு. கை உடைந்தவர், மெதுவாகத்தான் எடுப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த மாதிரி ஒவ்வொரு மொட்டாக எடுத்தால் நம் ஊரில் கிலோ தேறாது. கிலோ தேறாவிட்டால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். அவர் கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் வந்ததும் போய்விட்டார்.

நான் கூடையை முதுகில் மாட்டினேன். அதற்குப் பிறகு நான் ஒன்றும் யோசிக்கவில்லை, கை யோசித்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும். மூன்றாவது இலை பிஞ்சாக இருந்தால் அதுவும். நகத்தால் ஒடித்து, பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள். கூடை நிறைந்தபோது, கணக்கப்பிள்ளை பார்க்காத நேரத்தில் செய்வது போல முழங்கையால் அமுக்கி, மேலும் போட்டேன். பதினொரு மணிக்குள் நாலு நிரையும் முடிந்தது.

அக்கா திரும்பி வந்து கூடைக்குள் பார்த்தார். கையை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு உள்ளே போய் எனக்கு அவித்த முட்டை இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். "நீங்கள் மிகவும் உழைத்தீர்கள்" என்றது போன்.

அவர் கொழுந்தை மூங்கில் தட்டுகளில் பரப்பி, ஒற்றைக் கையால் மொட்டுகளை மட்டும் தனியாகப் பொறுக்கத் தொடங்கினார். நானும் உட்கார்ந்தேன். என் பக்கம் தட்டைத் தள்ளவில்லை. ஏதோ தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை.

சாயங்காலம் இவர் வந்தார். எதிர் வாசலில் இருந்த தட்டுகளைப் பார்த்தார்.

"யாரு பறிச்சா இத?"

"நாந்தான்."

"நாலு நெரயுமா?"

"ஒண்ணும் விடல."

ஒரு கொழுந்தை எடுத்துக் காம்பைத் திருப்பிப் பார்த்தார். என் பக்கத்தில் குந்தினார். "இவங்க செய்யிறது பச்சத் தேயில புள்ள. மொட்டு மட்டுந்தான் எடுக்கணும், எல சேரக்கூடாது. நகம் பட்டா காம்பு செவந்துரும். அமுக்குனா கொழுந்து சூடேறிரும். நீ மூணையுமே செஞ்சு வச்சிருக்க."

"ஒங்களுக்குத் தெரிஞ்சா காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ போறதே எனக்குத் தெரியாது. வந்ததுலருந்து கடைக்குக்கூட தனியாப் போகாதவ, மலைக்குப் போவேன்னு கண்டேனா?"

அக்கா எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். போனை எடுத்துப் பேசினார். "இந்த ஆண்டு அனுப்ப வேண்டியதில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று அது அதே செய்திக் குரலில் சொன்னது. பொறுக்கிய மொட்டு ஒரு பிடிகூட இல்லை. அதிலும் பாதி சிவந்திருந்தது. வருடத்துக்கு ஒரு சொல். அதையும் நான் கூடையில் போட்டு அமுக்கிவிட்டேன். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

இவர் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"பச்சைக்குத்தான் ஆகாது. நம்ம தேயிலைக்கு இது மோசமில்ல" என்றார். போனை வாங்கி, நம் ஊர்க் கறுப்புத் தேயிலையாகச் செய்து அனுப்பலாமா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சரி என்று தலையை ஆட்டினார்.

ஹட்டனில் வாங்கிக் கொண்டு போன வெள்ளை விரிப்பை எங்கள் வீட்டுத் தரையில் விரித்து, கொழுந்து முழுவதையும் பரப்பி, மின்விசிறியைப் போட்டுவிட்டோம். விடிந்ததும் இவர் ஒரு காம்பை மடித்துப் பார்த்தார். ஒடியாமல் வளைந்தது. தொழிற்சாலைக்குப் போன் போட்டு, அரை நாள் வரமாட்டேன் என்றார். அங்கே சேர்ந்ததிலிருந்து ஒரு மணி நேரம்கூடப் பிந்திப் போகாதவர்.

விரிப்பை மேசைமேல் போட்டு இரண்டு பேரும் உருட்டினோம். சப்பாத்தி மாவு பிசைவது போல, ஆனால் ஒரே பக்கமாக. சாறு இறங்கி விரல் எல்லாம் பச்சை.

"மெசின் சத்தம் இல்லாம உருட்டுறது இப்பதான் மொத தடவ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் புள்ள, நீ பறிச்ச கொழுந்தும் தெனம் நம்ம ஸ்டோருக்குத்தான வந்துச்சு?"

"பின்ன எங்க போகும்?"

"எல்லாரு கொழுந்தோடயும் சேந்து வரும். எது ஒன்னுதுன்னு எப்டித் தெரியும்? தெரிஞ்சிருந்தா அந்தக் கொழுந்த மட்டும் மெதுவா உருட்டியிருப்பேன்."

"ஆமா, உருட்டுவீங்க. டீ மேக்கர் ஐயா ஒங்கள உருட்டி உட்டுருப்பாரு."

அவர் சிரித்தார். நான் குனிந்து உருட்டிக்கொண்டே இருந்தேன். கல்யாணம் கட்டி இருபது வருடத்துக்கு மேல். என் கொழுந்து மட்டும் அவர் கைக்குப் போனது அன்றைக்குத்தான்.

உருட்டியதை அதே விரிப்பில் சுற்றி, ஈரம் தெளித்து வைத்தோம். இவர் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அடிக்கடி குனிந்து முகர்ந்தார். அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்கு இவர், "இப்ப எடுக்கலாம்" என்றார். அக்காவின் இரும்புச் சட்டியில் சின்ன நெருப்பில் காயவைத்தோம். அடியில் கொஞ்சம் தீய்ந்தது. அதை ஒதுக்கினோம்.

அக்கா தன் தம்ளரில் ஊற்றிப் பார்த்தார். பால், சீனி வேண்டாம் என்று கையைக் காட்டினார். இரண்டு மடக்குக் குடித்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஒரு பொட்டலக் கடதாசி எடுத்து வந்தார். மடிக்க ஒரு கை போதவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். பின்னேரம் இரண்டு பேருமாகப் போய் அனுப்பிவிட்டு வந்தோம். மாலையில் மழை தொடங்கியது.

நாலாம் நாள் அக்கா கதவைத் தட்டினார். கையில் போன். வந்து உட்கார்ந்து, மகள் அனுப்பியதை என் போனுக்கு முன்னால் படித்தார்.

"வந்தது. இந்த ஆண்டு ஏன் கறுப்பு?" என்றது போன்.

ஒரு சொல்லுக்குப் பிறகு ஒரு கேள்வி. அக்கா அதை எனக்கும் காட்டினார். பிறகு என்னைக் கேட்டார். "நான் என்ன எழுத வேண்டும்?"

யாருக்கும் நான் யோசனை சொன்னதில்லை. கை உடைந்ததை மகளுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "அதச் சொல்லுங்க அக்கா. கை ஒடஞ்சதச் சொல்லுங்க. பறிச்சது எதிர் வீட்டு மடச்சின்னும் சொல்லுங்க" என்றேன். போன் அதை எப்படிச் சொன்னதோ, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூக்கைத் துடைத்தார். பிறகு போனை மடியில் வைத்து, இடது கையின் ஒரு விரலால் எழுதத் தொடங்கினார். எழுதி எழுதி நிறுத்தினார். நான் எழுந்து போய்த் தேநீர் வைத்து வந்தேன். அப்போதும் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாளும் மழை. இவர் வேலைக்குப் போனார். நான் விரிப்பை மூன்றாம் தடவை துவைத்து உள்ளே கொடியில் போட்டேன். கறை போகவில்லை.