ஜமீலுன்னிசாவின் பச்சை சோபா

ஜமீலுன்னிசா பேகம், 1911–1949. பிறந்தது சைதாப்பேட்டை, வாழ்ந்ததும் மறைந்ததும் ராயப்பேட்டை.

1930இல் அவளுக்கும் தோல் பெட்டி வியாபாரி அப்துல் கய்யூமுக்கும் நிக்காஹ் நிச்சயமானபோது, அவளுடைய தகப்பனார் குலாம் முகம்மது வழக்கத்துக்கு மாறான காரியம் ஒன்றைச் செய்தார். மவுண்ட் ரோடு மரச்சாமான் கடையிலிருந்து படப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து மகளின் முன்னால் வைத்தார். "நீ உட்காரப் போவது, நீயே பார்த்துச் சொல்" என்றார்.

அக்காலத்தில் வசதியான வீடுகளில் நாற்காலி என்றால் கறுத்த மரமும் சிங்கக் கால்களும் திராட்சைக் கொத்துச் செதுக்கலும்தான். ஜமீலுன்னிசா அவற்றைப் புரட்டித் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கங்களில் இருந்த புதுமோஸ்தரில் விரலை வைத்தாள். தாழ்ந்து அகன்ற சோபா. இரு முனைகளும் பிறை போல் வளைந்து வரும். செதுக்கல் என்று ஒரு கீறல்கூட இல்லை. மேலே பச்சை வெல்வெட். அதற்கு இணையாக இரண்டு நாற்காலிகள், குரோமியம் பூசிய குழாய்க் கால்களில் நிற்கும் வட்டக் கண்ணாடி மேஜை, கவிழ்த்த பூப்போன்ற மூடியிட்ட நிலை விளக்கு.

"பூ இல்ல, கொடி இல்ல. ஆஸ்பத்திரி பெஞ்சு மாதிரி கீது" என்றாள் பெரியம்மா ஹமீதுன்னிசா. ஆனால் கல்யாணமான புதிதில், திரை போட்ட ஜட்காக்களில் பெண்கள் வந்து இறங்கியது மணப்பெண்ணைப் பார்க்க மட்டுமல்ல. வந்தவர்கள் வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார்கள். விளக்கை ஏற்றச் சொன்னார்கள். கண்ணாடி மேஜையில் தங்கள் வளையல் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த மாதங்கள் போல் பிறகு எவையும் வாய்க்கவில்லை.

ஆண்டுகள் பன்னிரண்டு போயின. கைப்பிடியில் வெல்வெட் வெளுத்துவிட்டது. தியாகராய நகரின் புது வீடுகளில் வேறு மோஸ்தர்கள் வந்துவிட்டன. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. வெல்வெட்டை எதிர்ப்பக்கமாகத் தடவினால் பச்சை கறுத்துக் காட்டும். மறுபடி தடவினால் ஒளி வரும். வேலை ஓய்ந்த பகற்பொழுதில் அப்படித் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் வழக்கம்.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போடப் போகிறார்கள் என்று நகரம் காலியாகத் தொடங்கியது. அவளுடைய இரண்டு குழந்தைகளும் ஆம்பூரில் பெரியப்பா வீட்டுக்கு முன்னரே அனுப்பப்பட்டிருந்தார்கள். ஒரு நாள் காலை, சிற்றுண்டியின்போது அப்துல் கய்யூம் தலை நிமிராமல் சொன்னார்:

"சாயங்கால வண்டிக்குப் போறோம். மதியம் முருகையன் வருவார், தியாகராய நகர் காண்ட்ராக்டர். ஹால் சாமானை அவருக்குப் பேசிட்டேன்."

"எந்தச் சாமான்?"

"எந்தச் சாமான்னா? சோபா, நாற்காலி, மேஜை, விளக்கு."

"அது உங்க சாமான் இல்லையேங்க. என்னோட ஜஹேஸ்."

பிறந்த வீடு பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சீர் அவளுடைய சொந்த உடைமை. அவள் சம்மதமின்றிக் கணவன் அதை விற்கலாகாது. இது அப்துல் கய்யூமுக்குத் தெரியாததன்று.

"பாம் விழுந்தா ஜஹேஸும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே. வாக்குக் குடுத்துட்டேன், ஜமீலா."

"வீட்டைப் பூட்டிட்டுப் போவோம்."

"பூட்டின வீட்டை மிலிட்டரிக்கு எடுத்துக்குவாங்க. சோல்ஜர் பூட்ஸோட அந்த வெல்வெட் மேல ஏறிப் படுப்பான். அது தேவலையா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வீட்டில் முன்ஹால் ஆண்களுடையது. ஆனால் பெண் விருந்தினர் வந்தால் வாசலில் யாரேனும் "கோஷா!" என்று குரல் கொடுப்பார்கள். உடனே ஹாலில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் தெருவுக்குப் போய்விட வேண்டும். வந்த பெண்கள் புறப்படும்வரை ஹால் அவர்களுடையது. எத்தனை அவசரமானாலும் இந்த விதியை யாரும் மீறியதில்லை.

ஜமீலுன்னிசா பின்கட்டுக்குச் சென்று கெங்கம்மாவைக் கூப்பிட்டாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து, காலையில் மீன் விற்று, பகலில் அந்த வீட்டில் வேலை செய்பவள் அவள்.

"முருகையன் வண்டி தெருவுல திரும்பினதும் நீ அடுத்த தெரு ஜஹனாரா வூட்டுக்கு ஓடு. நான் ஊருக்குப் போறேன், எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போங்கன்னு சொல்லு."

"பாய் கோச்சிக்க மாட்டாரா, பீவிம்மா?"

"கோச்சிக்கட்டும்."

முருகையன் இரண்டு மாட்டு வண்டிகளோடு வந்தார். திரைக்குப் பின்னால் நின்ற ஜமீலுன்னிசாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவர் சோபாவில் உட்கார்ந்து இரண்டு முறை எழும்பிப் பார்த்தார்.

"ஸ்பிரிங்கு தளந்து கீது பாய். மாடலும் பழசு. இந்த வளைஞ்ச சங்கதிய இப்போ யார் கேக்கறா?"

கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது அவளுக்கு. வண்டிக்காரன் குப்பனும் மற்றொருவனும் சோபாவின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கினார்கள். வாசற்படிக்கு இன்னும் ஓரடி இருக்கும்போது தெருவில் ஜட்கா மணி ஒலித்தது.

"கோஷா! கோஷா!" கெங்கம்மாவின் குரல் அது, கடலில் படகைக் கூப்பிடுகிற குரல்.

சோபா இருந்த இடத்திலேயே இறங்கியது. ஆண்கள் வெளியேறினார்கள். சைதாப்பேட்டையில் அவளோடு வளர்ந்த ஜஹனாரா, தன் இரு நாத்தனார்களுடன் உள்ளே வந்து, வழியில் குறுக்காகக் கிடந்த சோபாவிலேயே உட்கார்ந்தாள். விஷயம் விளங்க அவளுக்கு நேரமாகவில்லை.

"உன் வூட்டுக்காரர் மூஞ்சி மொளகா வத்தல் மாதிரி கீதுடி. டீ போடச் சொல்லு. மெதுவாப் போடச் சொல்லு."

வேப்பமரத்தடியில் நின்ற முருகையனுக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது.

"இன்னா பாய், ஊரே காலியாவுது, உங்க வூட்ல விருந்தா?"

"ஜப்பான்காரன் வந்தாலும் கோஷான்னு சொல்லி மரத்தடியில நிக்க வெப்பாங்க, நைனா" என்றான் குப்பன்.

அப்துல் கய்யூம் சிரிக்கவில்லை. ஜன்னலருகே வந்து தணிந்த குரலில், "போதும் ஜமீலா. ரயில் போயிடும்" என்றார்.

"வந்தவங்களை எழுந்து போங்கன்னு எப்படிங்க சொல்றது?"

அப்போதுதான் விமானத் தாக்குதலை எச்சரிக்கும் அபாயச் சங்கு ஊதியது. ஒத்திகைக்கு முன்னறிவிப்பு இருக்கும். அன்று எந்த அறிவிப்பும் இல்லை. ஏறி இறங்கி அலறும் அந்த ஓசைக்கு மாடுகள் மிரண்டு நுகத்தை இழுத்தன. தெருமுனைக் காவல் தொண்டர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார்: "ரோட்ல நிக்காதே! உள்ளே போ!"

அண்டை வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த கதவு அந்த ஒன்றுதான். அப்துல் கய்யூம் வாசல்வரை வந்து, திரையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அப்போதும் அவருக்கு அந்நிய ஆண்களைக் கூட்டிக்கொண்டு, பெண்கள் இருக்கும் இடத்துக்குள் வரக் கால் எழவில்லை. திரையைப் பிடித்திருந்த விரல்களை ஜமீலுன்னிசா உள்ளிருந்து பார்த்தாள். இந்த நிமிஷம் குண்டு விழுந்தால், தன் சோபாவுக்காக வெளியே நிற்கிற இவர்கள் சாவார்கள்.

"ஜஹனாரா, நீங்க உள்ளே ஓடுங்க."

"நீ?"

அவளும் போயிருக்கலாம். போனால் ஹால் மறுபடி ஆண்களுடையதாகிவிடும். சங்கு ஓய்ந்ததும் சோபா வண்டியில் ஏறிவிடும். ஜமீலுன்னிசா முந்தானையை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள்.

"உள்ளே வாங்க. எல்லாரும் வாங்க."

வந்தவர்கள் அவளைக் கண்டதும் திகைத்து நின்றார்கள். முருகையன் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குப்பன் தரையில் குந்தி, முழங்கால்களுக்கிடையே தலையைப் புதைத்தான். அப்துல் கய்யூம் மட்டும் அவளையே பார்த்தார். அந்நியர் எவரும் அதுவரை கேட்டிராத குரலில் அவள் பேசினாள்.

"முருகையன் ஐயா, இது எங்க அப்பா எனக்குக் குடுத்தது. விக்கறதுக்கு என்னை யாரும் கேக்கல. நான் குடுக்கல."

வெகுநேரம் கழித்து, அபாயம் நீங்கியதை அறிவிக்கும் நீண்ட ஊதல் கேட்டது. விமானம் எதுவும் வரவில்லை.

முருகையன் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "பாய், ஒரு பொம்பளையோட சீரை அவ வயிறெரிய வாங்கினு போனா, எங்க வூட்டுப் பொம்பளைங்க என்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க. உங்க வாக்கை நானே திருப்பிக் குடுத்துட்டேன். வரேன்."

வண்டிகள் வெறுமையாகத் திரும்பின.

"அத்தனை பேர் முன்னாடி உட்கார்ந்துட்டே" என்றார் அப்துல் கய்யூம்.

"உங்களை வெளியே சாக விடச் சொல்றீங்களா?"

"எங்களைக் கூப்பிட்டுட்டு நீ உள்ளே போயிருக்கலாம்."

"போயிருந்தா?"

அவர் தம் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "குழந்தைங்க கேட்டா?" என்றார்.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். பூட்டிய வீடும் பூட்ஸ் காலும் கண்முன் வந்தன. "வீட்டைப் பார்த்துக்கறேன்னு சொல்லுங்க" என்றாள்.

வெறிச்சோடிய ராயப்பேட்டையில் அவளும் கெங்கம்மாவும் அந்தக் கோடையைக் கழித்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் காகிதப் பட்டை ஒட்டி, நிலை விளக்கைக் கறுப்புத் துணியால் மூடி, மாலைகளில் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். செப்டம்பரில் அப்துல் கய்யூம் குழந்தைகளோடு திரும்பினார். இளையவள் தாயிடம் வர மறுத்துத் தகப்பனாரின் காலைக் கட்டிக்கொண்டாள். பழைய ஒட்டுதல் வரப் பல நாளாயிற்று.

திரும்பிய மறுநாள் அப்துல் கய்யூம் ஒரு பிரம்பு நாற்காலி வாங்கிவந்து வராந்தாவில் போட்டார். பத்திரிகை படிப்பதும் நண்பர்களோடு பேசுவதும் அங்கேதான். மனைவியிடம் கடுஞ்சொல் ஒன்று சொன்னதில்லை; வீட்டுக்கு ஒரு குறை வைத்ததில்லை. யுத்தம் முடிந்தது. குழந்தைகள் சோபாவில் குதித்து வளர்ந்தார்கள். விருந்தினர் உட்கார்ந்து எழுந்தார்கள். அவர் மட்டும் அதில் உட்காரவில்லை.

பெருநாள்களிலும், மனம் கேட்காத சில மாலைகளிலும் ஜமீலுன்னிசா திரையை விலக்கி, "உள்ளே வந்து உட்காருங்களேன்" என்பாள்.

"இங்கே காத்து வருது" என்பார் அவர்.

1948 இறுதியில் அவளுக்கு மார்ச்சளி கண்டது. படுக்கையை ஹாலுக்கு மாற்றச் சொல்லி, சோபாவின் மேலேயே கிடந்தாள். வராந்தாவில் பிரம்பு நாற்காலி அசையும் ஓசை அங்கிருந்து கேட்கும். அவரை அவள் கடைசியாக உள்ளே அழைத்தது 1949 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை மாலை. அன்றும் வராந்தாவிலிருந்து அதே பதில்தான் வந்தது.