சாங்கியில் அப்பாவைப் படகில் ஏற்றாத நாள்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் எந்த ஊரில் எந்தக் கடை இட்லி பஞ்சாக இருக்கும் என்றுதான் எழுதுவேன். இந்தமுறை சிங்கப்பூர், ஆனால் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. போன மாதம் அப்பா காலமானார். எண்பத்து நான்கு வயது. இரண்டு நாள் காய்ச்சல், தூக்கத்திலேயே போய்விட்டார். நான் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில்தான், கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்து முப்பது வருடம் ஆகிறது. அன்றைய நேரடி விமானத்தில் இடம் கிடைக்காமல் தகனத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அஸ்தி கரைக்கவாவது அக்கா இருக்க வேண்டும் என்று தம்பி ரவி எனக்காகக் காத்திருந்தான். வயதான அம்மாவையோ அப்பாவையோ அழைத்துக்கொண்டு இதே காரியத்துக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் கடற்படையில் இருபத்தைந்து வருடம், கப்பலின் இயந்திர அறையில் வேலை. ஓய்வு பெற்ற பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டினார். நாங்கள் வளர்ந்த வீட்டில் சாமி படத்தைவிடக் கப்பல் படங்கள்தான் அதிகம். 'எங்கப்பா நேவி' என்று நானும் ரவியும் பள்ளியில் அலட்டாத நாள் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் அம்மா கைமணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, அப்பா எனக்கு வீடியோவில் கூப்பிட்டு ஜடை பின்னக் கற்றுக்கொண்டார். கை சரியான பிறகும் அவர்தான் பின்னிவிட்டார். அம்மா மறுத்ததாகத் தெரியவில்லை.

கடற்படைக்காரருக்குக் கடலைத் தவிர வேறு எந்த இடம் பொருத்தம்? ரவி சாங்கியில் படகு பேசிவிட்டான். அம்மா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார். நான் போய் இறங்கியதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. துக்கம்தானே என்று நினைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மார்சிலிங்கில் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து கிளம்பினோம். ரவி மண்டாய் தகனக்கூடத்தில் அஸ்தியை வாங்கிக்கொண்டு காரில் நேராகச் சாங்கிக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. நானும் அம்மாவும் பூ வாங்க லிட்டில் இந்தியா போனோம். மார்சிலிங்கில் ரயில் ஏறி, நியூட்டனில் மாறினால், அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் ஆகிவிடும். நியூட்டனில் மாறும்போது நிறைய நடக்க வேண்டும், எனவே முட்டி வலிக்காரர்களை அவசரப்படுத்தாதீர்கள். எல்லா நிலையத்திலும் மின்தூக்கி உண்டு. நான் பழைய ஞாபகத்தில் அம்மாவை நகரும் படியில் ஏற்றப் பார்த்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே பூக்கடைகள். உதிரிப்பூ இரண்டு பை, சின்ன மாலை ஒன்று. சந்தையை ஒட்டிய உணவுக் கடைகளில் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர, வாயில் போடவில்லை. ஆனால் திரும்பும் வழியில் ஒரு மளிகைக் கடை முன்னால் நின்று, "இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் வாங்கு" என்றார். கார்ப்பான அந்த இஞ்சி மிட்டாய்தான். சாப்பாடே இறங்காதவருக்கு மிட்டாய் ஆசையா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. வாங்கிக் கொடுத்தேன். கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டார்.

ஹமீது மாமா அங்கே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். அப்பாவோடு அதே இயந்திர அறையில் வேலை பார்த்தவர், தோ பாயோவில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயதிலும் சட்டையில் மடிப்புக் கலையாது. அங்கிருந்து சாங்கிக்கு டாக்சி, இருபத்தேழு வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), அரை மணி நேரம். சனிக்கிழமை என்பதால் நெரிசல் இல்லை. வழியெல்லாம் மாமா பேசிக்கொண்டே வந்தார்.

"அண்ணன் இப்ப குஷியா இருப்பாரு அண்ணி. கடலுக்கே திரும்பப் போறாருல்ல" என்றார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

படகுத்துறையில் ரவி சிவப்புத் துணி கட்டிய பானையோடு நின்றான். சற்றுமுன் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கட்டியிருந்த படகு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வேண்டாம் ரவி."

"என்னம்மா வேண்டாம்? போட் ரெடிம்மா. ஆளு வெயிட் பண்றாரு."

"வேண்டாம்னா வேண்டாம்."

ரவிக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்றைக்கு இரண்டு காதும் சிவந்தன. அம்மா என் கையைப் பிடித்துக் கழிப்பறைப் பக்கம் இழுத்துப் போனார். நானும் அவசரம் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"உங்கப்பாவுக்குக் கடல் ஒத்துக்காதுடி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இருபத்தஞ்சு வருஷமும் வாந்திதான். கப்பல் கிளம்ப மொத நாளே சோறு இறங்காது. நான்தான் இஞ்சி மரப்பா வாங்கி சாக்ஸுக்குள்ள சுருட்டி வைப்பேன். நிரந்தர வேலை, உங்க படிப்பு, அதை நெனச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. தெரிஞ்சா கூட இருக்கிறவங்க சிரிப்பாங்களாம். இப்ப ஹமீது தம்பி முன்னால எப்படிச் சொல்றது? சொன்னா செத்தவரை அசிங்கப்படுத்துற மாதிரி. சொல்லலைன்னா நீங்க அவரைத் தூக்கி அதுலயே போடப் போறீங்க."

இத்தனை நாள் அம்மா தூங்காததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. கூடவே என்னென்னவோ ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்து பாத்தாம் தீவுக்குப் படகில் போகலாம் என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் அப்பாவுக்கு ஏதாவது வேலை இருக்கும். செந்தோசா தீவுக்கு எல்லாரும் படகில் போன காலத்தில் எங்களை மட்டும் கேபிள் காரில் கூட்டிப் போனார். மேலேயிருந்து பார்த்தால் கடல் அழகாகத் தெரியுமாம்.

கடைசியில் மிட்டாயை அஸ்தியோடு போட்டுவிடலாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், பாவம். பானையையும் ஆடும் படகையும் கண்டதும் மனசு கேட்கவில்லை.

நான் ரவியிடம் போய்க் காதோடு காதாகச் சொன்னேன். அவனுக்கு மெதுவாகப் பேச வராது என்பது எனக்கு மறந்துவிட்டது.

"அப்பாவுக்கு சீசிக்கா? கப்பல்ல வாந்தியா?"

படகுத்துறை முழுக்கக் கேட்டது. அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ஹமீது மாமா எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணி, இதுக்கா அழுறீங்க? கப்பலுக்கே தெரியும்லா."

அம்மா தலைப்பை விலக்கிப் பார்த்தார்.

"வாளி ஒண்ணு அவருக்குன்னே தனியா வச்சிருந்தோம். யாருக்கும் தெரியாதுன்னு அவர் நெனச்சுக்கிட்டிருந்தாரு, நாங்களும் தெரியாத மாதிரியே இருந்துட்டோம். வாந்தி எடுத்துட்டு மூஞ்சியைக் கழுவிட்டு வந்து நேரா எஞ்சின்கிட்ட நிப்பாரு. ஒரு நாள்கூட வேலைய விட்டதில்ல. அவரைப் பாத்து யாருக்கு அண்ணி சிரிப்பு வரும்?"

"நெசமாவா தம்பி?"

"சாக்ஸுல இருந்த இஞ்சி மரப்பால பாதி நான்தான் திருடித் தின்னேன். எனக்கும்தான் குமட்டும்லா. யாரு வெளிய சொன்னோம்?"

அம்மா சிரித்துவிட்டார். சிரிப்பும் அழுகையுமாக, ஆனால் சிரிப்புதான் அதிகம். நான் ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் கழித்து அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. ரவி படகுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, "கரைக்கணும்னு சாங்கியம் இருக்கேம்மா" என்று இழுத்தான். "தண்ணி ஊத்தி மண்ணுல விடு, போதும். இத்தனை வருஷம் ஆடினது பத்தாதா அவருக்கு" என்றார் அம்மா. பிறகு பக்கத்து உணவுக் கடைகளில் உட்கார்ந்து, பொரித்த வாழைப்பழம் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். சாங்கிக்குப் போனால் அதை விட்டுவிடாதீர்கள், சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும்.

சுவா சூ காங்கில் அஸ்தி தூவுவதற்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. முன்பதிவு செய்துதான் போக வேண்டும். எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மார்சிலிங்கிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே சடங்குகளுக்கு இடமில்லை, வீட்டிலேயே கும்பிட்டுவிட்டுப் போங்கள். என்ன கொண்டுவரலாம், என்ன கூடாது என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குடை எடுத்துப் போங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், படகோ தோட்டமோ எதையும் பேசி முடிப்பதற்குள், கூட வாழ்ந்தவரைத் தனியாக உட்கார வைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. அம்மாவுக்கு வாய் திறக்கும் தைரியம் வந்ததால் தப்பித்தோம்.

செவ்வாய்க்கிழமை ரவி அஸ்தியைத் தூவினான். அதன்மேல் தோட்டத்து ஊழியர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். ஹமீது மாமா நிமிர்ந்து நின்றார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்துப் புல்லில் காலை ஊன்றி, இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தார்.

"ஆடலைல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"ஆடலைம்மா."

வாசலுக்கு வெளியே வந்ததும் கைப்பையைத் திறந்து இஞ்சி மரப்பா பாக்கெட்டைப் பிரித்தார். ரவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஹமீது மாமாவுக்கு இரண்டு.

"சாப்பிடுங்க. இனிமே அவருக்கு இது வேண்டாம்."