கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வண்டி வாங்கப் போனவர்

விறகு விற்கிற மனிதருக்குக் காதுதான் முதலீடு என்றால் சிரிப்பீர்கள். டொக்குவிடம் போய்ச் சிரித்துப் பாருங்கள். இரண்டு கட்டைகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று மோதிக் காட்டுவார். காய்ந்த கட்டை டங் என்று தெளிவாகப் பேசும். ஈரக்கட்டை சளி பிடித்தவன் மாதிரி டொக் என்று முனகும். ஒற்றைக் கட்டையை அவர் தட்டவே மாட்டார். எதையும் ஜோடியாகத் தட்டி ஒப்பிட்டால்தான் உண்மை வெளியே வரும் என்பது அவர் கட்சி. இருபத்து மூன்று வருடங்களாக ரொட்டிக்கடை அடுப்புகள் அந்தக் காதை நம்பித்தான் எரிகின்றன, அதுவரை சரி. ஆனால் மனிதர் கட்டையோடு நிறுத்தினாரா? கதவு, கட்டில், தண்ணீர்த் தொட்டி, பல் டாக்டரின் நாற்காலி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தட்டினார். பட்டப்பெயர் சும்மா வருமா?

அந்த வியாதி வண்டி வாங்குவதிலும் தொற்றியது. முதல் பிக்கப்பைத் தட்டித்தான் வாங்கினார். வெண்கலம் மாதிரி ஒலித்தது. நாலாவது மாதம் இன்ஜின் கண்ணை மூடியது. இரண்டாவது இன்னும் இனிமையாக ஒலித்தது. அதன் கதவு ஒருநாள் நட்டநடுக் கடைத்தெருவில் கழன்று விழுந்து, கூடவே அவர் மானத்தையும் இறக்கிவிட்டது. மூன்றாவதுதான் இப்போதிருக்கிற சனியன். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற ரகம். அதன் கிளட்சை மிதிக்கக் காளை மாட்டுக் கால் வேண்டும். மிதிப்பதோ அவர் மனைவி.

ஆமாம், ஓட்டுவது மனைவிதான். டொக்குவுக்கு ஓட்டத் தெரியாது. இளவயதில் ஒரே ஒருநாள் பழகினார். அன்றைக்கே முன்னால் போக வேண்டிய வண்டியைப் பின்னால் விட்டு, யாரோ ஒருவருடைய கோழிக்கூண்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தாள். வாயே திறக்காமல் அவரைக் கீழே இறக்கினாள், தானே ஏறி வண்டியை வெளியே எடுத்தாள். அவளைத்தான் கட்டிக்கொண்டார். வேறு என்ன செய்வார், சாவியை அவள் திருப்பித் தரவே இல்லை.

அவளிடம் ஒரு விசித்திரம் உண்டு. மனசு நன்றாக இருந்தால் புருஷனை ‘யோவ்’ என்பாள். கோபம் வந்தால்தான் ‘நீங்க, வாங்க’ என்று மரியாதை ஏறும். போன மாதம் விறகு ஏற்றிய வண்டி மலைப்பாதைச் சேற்றில் வழுக்கி, முப்பது அடி பின்னாலேயே போய், ஒரு மரத்தில் முட்டி நின்றது. அந்த மரம் இல்லாவிட்டால் கீழே பள்ளம். அவள் இறங்கி இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். அந்த முட்டி தேய்ந்துபோய்விட்டதென்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

“இன்னொரு தப்பான வண்டி வந்துச்சுன்னா, சாவிய உங்க கையில குடுத்துட்டு நான் தங்கச்சி துணிக்கடையில போய் உட்கார்ந்துக்குவேங்க,” என்றாள்.

சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து வீட்டில் ஒரே மரியாதை. சோறுகூட மரியாதையாக வந்து விழுந்தது. டொக்குவின் கவலை வியாபாரத்தைப் பற்றி மட்டும் இல்லை. இருபத்து மூன்று வருடங்களாக அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வழியெல்லாம் வாய் ஓயாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டு போயிருக்கிறார். அந்த இருக்கை போய்விட்டால் மனிதருக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை. அதை அவளிடம் சொல்லத்தான் தைரியமில்லை.

பெருமழைக்கு இன்னும் இரண்டு வாரம். வெட்டிய விறகு முழுக்க மலைமேல் கிடந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பார்த்து இந்தத் தடவை தானே தேர்ந்தெடுக்கப் போவதாகவும், கூட வருகிறவர் இரண்டு கையையும் பாக்கெட்டை விட்டு எடுக்கக் கூடாதென்றும் அவள் நிபந்தனை போட்டாள். டொக்கு தலையாட்டினார்.

பழைய வண்டி வியாபாரி எதற்கெடுத்தாலும் மாமியார்மேல் சத்தியம் செய்கிறவன். அந்த அம்மாள் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறாளோ தெரியாது. அவனிடம் நாலு சக்கர இழுவையில் இரண்டு பிக்கப் இருந்தன. ஒன்று நீலம், புதுப் பெயிண்ட், பார்த்தால் முகம் தெரியும். இன்னொன்று சாம்பல் நிறம், உடம்பெல்லாம் ஒடுக்கு, ஒரு பக்கக் கண்ணாடியைக் கம்பியால் கட்டி வைத்திருந்தான்.

அவள் நீலத்தில் ஏறினாள். கிளட்ச் பழகின செருப்பு மாதிரி லேசாக அமுங்கியது. நாலு சக்கரத்தையும் சேர்க்கிற சின்னக் கியரைத் தள்ளினாள், வெண்ணெயில் கத்தி போட்டது போல் போயிற்று. முற்றத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு. ஒரு மாதமாகக் காணாமல்போன சிரிப்பு. டொக்குவுக்கு அந்த வண்டியையே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வியாபாரி அவளைக் கையெழுத்துப் போட ஆபீஸ் அறைக்குக் கூட்டிப் போனான்.

டொக்குவும் வண்டியும் தனியாக நின்றார்கள். பாக்கெட்டுக்குள் விரல்கள் ஊறின. சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கட்டை ஒன்று காலடியில் கிடந்தது, நல்ல காய்ந்த கட்டை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு எடுத்தார். மூன்று தடவை பட்டவர், அதனால் வெளியுடம்பைத் தொடவில்லை. குனிந்து அடியில் கையை விட்டு, பின் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகிற இரும்பு ஷாஃப்டைத் தட்டினார். டங். அருமை. இனி அதன் ஜோடி, முன் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட். ஓங்கினார். கட்டை காற்றில் போய் அவர் தாடையிலேயே பட்டது.

மல்லாந்து படுத்து உள்ளே போனார். ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் நாலு போல்ட் ஓட்டைதான் இருந்தது. ஓட்டத் தெரியாதவருக்கும் இது புரியும். முன் சக்கரம் சும்மா ஒப்புக்கு உருள்கிறது. இழுக்க ஆளே இல்லாத கியர் வெண்ணெய் மாதிரிதானே போகும்!

அப்படியே படுத்தபடி ஒரு நிமிடம், வெட்கமே இல்லாமல், பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். அவள் தேர்ந்தெடுத்த வண்டி. கெட்டால் பழி அவளுக்கு. சொன்னாலோ, வாக்கை மீறித் தட்டினது வெளியே வரும். மூன்று தடவை பொய்த்த காதை யார் நம்புவார்கள்? தங்கச்சி கடை இருக்கவே இருக்கிறது. பிறகு அந்த மரம் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் வழியில் ஒரு மரம் நிற்குமா என்ன? எழுந்து, முதுகெல்லாம் கிரீஸோடு ஆபீஸுக்கு ஓடினார்.

“கையெழுத்து போடாத.”

அவள் பேனாவைப் பிடித்தபடி, அவர் கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள். “தட்டுனீங்களா?”

“தட்டினேன். தட்டுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல.”

அவள் வந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் படுத்து உள்ளே பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள். வெளியே வந்தபோது வியாபாரி மாமியாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டிருந்தான். அந்த ஷாஃப்ட் சத்தம் போட்டது, கழற்றி வைத்திருக்கிறோம், லேசாக ஓடட்டுமென்றுதான் அக்கா என்றான்.

“உங்க மாமியார நெனச்சா பாவமா இருக்கு தம்பி,” என்றாள்.

லேசாக இருக்கிறதே என்று தானும் மயங்கிவிட்டதை அவள் வாய்விட்டே ஒத்துக்கொண்டாள். பிறகு சாம்பல் வண்டியிடம் போய் நின்று டொக்குவைப் பார்த்தாள்.

“தட்டுங்க.”

அவர் நம்பமுடியாமல் குனிந்து முன்னும் பின்னும் தட்டினார். இரண்டு ஷாஃப்டும் இருந்தன.

“என்ன சொல்லுது?” என்று கேட்டாள்.

இருபத்து மூன்று வருடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் தயங்கியதே இல்லை. கட்டையைக் கீழே வைத்தார்.

“தெரியல. ரெண்டும் இருக்கு, அவ்வளவுதான். மீதி ஓட்டுறவளுக்குத்தான் தெரியும்.”

அவள் வியாபாரியிடமே சொல்லிச் சாம்பல் வண்டியின் பின்னால் பாரத்துக்குப் பழைய டயர்களை ஏற்ற வைத்தாள். முற்றத்தின் கடைசியில், வண்டி கழுவுகிற தண்ணீர் ஓடி ஊறிய ஒரு சேற்று மேடு இருந்தது. ஏறி உட்கார்ந்து, அதைப் பார்த்து வண்டியைத் திருப்பினாள். சின்னக் கியர் லேசில் மசியவில்லை, ஒரு தள்ளுக்குப் பிறகு கடக்கென்று விழுந்தது. பின் சக்கரம் வழுக்கியது. முன் சக்கரங்கள் சேற்றைப் பிறாண்டி, பிடித்து, டயரோடும் ஒடுக்கோடும் வண்டியை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போயின.

வண்டி எப்படி என்று அவர் கேட்கவில்லை. “முட்டி வலிக்குதா?” என்று கீழேயிருந்து கத்தினார்.

அவள் கிளட்சை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, பக்கத்து இருக்கைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

“வலிக்கல. யோவ், அங்க என்ன வேடிக்கை? வந்து ஏறு.”