என்னைத் தூக்கி வந்தவன்

நான் பொய்யன். சண்டையில் முனிரத்தினத்தைத் தோளில் சுமந்து மலை இறங்கியதாக இத்தனை ஆண்டுகள் உங்களிடம் சொல்லி வந்தேனே... சுமந்தவன் அவன். சுமையாகக் கிடந்தவன் நான்.

அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று நகரியில் பன்னிரண்டு பவர்லூம் என் பெயரில் ஓடுகிறது. மூன்று மாடி வீடு, எவனிடமும் கைநீட்டாமல் கட்டினேன். இதெல்லாம் உண்மை. வந்து பாருங்கள். அந்த ஒன்று மட்டும்தான் பொய்.

பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தேன். குடுபல்லிக்காரன் முனிரத்தினமும் அதே பிரிவு. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா, கோவிந்தா என்பான். 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர் வைத்தவன் நான். முகாமே அப்படிக் கூப்பிட்டது. அதில் எனக்கு என்ன பெருமை!

பிறகு எல்லையில் நிஜக் குண்டு விழுந்தது. என் தொடையில் இரும்புத் துண்டு பாய்ந்தது. பள்ளத்தில் கிடந்து அம்மா என்று கதறினேன். கால்சட்டையை நனைத்தேன். மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளி மட்டும் திரும்பி ஏறி வந்தான். பல் தந்தியடித்தது... ஆனாலும் தூக்கினான்.

"கத்தாதடா, எனக்கும் பயமாத்தான் கீது."

போருக்குப் போனால் பையன் ஆம்பிளை ஆகிவிடுவான் என்கிறீர்கள் அல்லவா? ஆனான். அவன் ஆனான்.

ஊர் திரும்பியபோது பேருந்து நிலையத்தில் மாலை போட்டார்கள். "யாரோ யாரையோ தூக்கினு வந்தாங்களாமே?" என்றார் ஒருவர். "நான்தான்" என்றேன். "இந்தக் காலோடயா?" என்றார். "இந்தக் காலோடதான்" என்றேன். நாக்கு ஏன் அழுகிப்போகவில்லை?

என் மகள் கல்யாணத்துக்கு அவன் தன் மகன் குமாரோடு வந்தான். என் சம்பந்தி மைக்கில் அந்தக் கதையை எடுத்துவிட்டார். பந்தியே முனிரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தது.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமா, அண்ணன் இல்லன்னா நான் ஏது? டேய் குமாரு, பெரிப்பா கால்ல வுழுடா" என்றான்.

கை கழுவும் இடத்தில் அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏண்டா அப்பிடி சொன்ன?"

"பொண்ணு கல்யாணத்துல உன் டவுசர் நனைஞ்ச கதைய சொல்லச் சொல்றியா? போடா, மாப்பிள்ள ஊட்டாரு காத்துக்கினு இருக்காங்க."

சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நாலு அறை விட்டிருக்கக் கூடாதா அவன்? போன வருடம் செத்தும் போனான், நான் வாயைத் திறப்பதற்குள்...

அந்தக் கல்யாணத்திலிருந்து குமார் ஆண்டுதோறும் என் நலத்துக்காகத் திருமலையில் முடி கொடுக்கிறான். இறங்கியதும் புத்தூர் வழியாக இங்கே வந்து, எனக்கு லட்டு கொடுத்துவிட்டுத்தான் குடுபல்லி போவான். போன வாரமும் வந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் வியர்வையில் ஊறியிருந்தது.

"எங்க நைனா பயந்தாங்கொள்ளி, பெரிப்பா. அவரே சொல்லுவாரு. நீங்க தூக்கினு வரலன்னா நான் பொறந்தே இருக்க மாட்டேன்" என்று காலில் விழுந்தான்.

நான் வைத்த பெயர். அவன் பெற்ற மகன் வாயில்.

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். தறி ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்... மருமகன் நின்றான். குமார் தலையில் கை வைத்து, "நல்லா இருடா" என்றேன்.

உள்ளங்கையில் சந்தனம் ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைத்தேன். லட்டைப் பிட்டு ஆட்களுக்கெல்லாம் நானே கொடுத்தேன்.